கட்டில் காலுக்குக் கல்

அல்மிராக்கி,
2023 செப்டம்பர் 14, சிலுவைத் திருநாள்.

அன்புள்ள மகன் அர்கீரிஸுக்கு,

இன்று எனக்கு எழுபத்தெட்டு வயதும் ஆறு மாதமும் பதினொரு நாளும் ஆகின்றன. முழங்கால் இரண்டும் சுமாராகவும், காது ஒன்று மட்டும் நன்றாகவும், நாக்கு முழுமையாகவும் வேலை செய்கின்றன. எனவே என் நலத்தைப் பற்றி நீ விசாரிக்க வேண்டியதில்லை. அடிலெய்டில் நீயும் ரோதூலாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு மணி நேரம் அதையே பேசியிருப்பாய். போன் இருக்கும்போது அம்மா ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். இந்தச் செய்தியின் நடுவில் எவரும் பேசக்கூடாது. ஆகவே நாற்காலியில் உட்கார், கண்ணாடியைப் போட்டுக்கொள், வரிகளைத் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே. சிறுவயதில் கணக்குப் புத்தகத்தின் பின்னால் விடையைப் பார்த்துவிட்டு முன்னால் வருகிற பழக்கம் உனக்கு உண்டு.

ஜெயித்துவிட்டோம்! நேற்றுக் காலை ஊர் அலுவலகச் சுவரில் வரைபடத்தை ஒட்டிவிட்டார்கள். கரை கரையாகவே இருக்கும். ஸிஸிமோஸின் சுவர் எழும்பாது, நூற்றுக்கணக்கான சாய்வு நாற்காலிகள் வராது, வெள்ளைச் சட்டைக்காரன் எவனும் நம்மை எழுந்து போகச் சொல்ல மாட்டான். நேற்றிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை, இத்தனை சந்தோஷத்தில் எப்படித் தூங்குவது என்று எனக்குப் பழக்கமில்லை. கல்லிரோயி வீதியில் நின்று கூவிய கூவலில் மலைமேல் இருந்த ஆடுகளெல்லாம் திரும்பிப் பார்த்தன என்று ஸ்தமாத்தா சொல்கிறாள். ஸ்தமாத்தா சொல்வதில் பாதியைத்தான் நான் எடுத்துக்கொள்வேன், ஆனால் பாதி ஆடுகளாவது திரும்பியிருக்கும்.

விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உன் மாமன் மகன் ஸிஸிமோஸ் உனக்கு எப்போதும் போனில் வேறு விதமாகச் சொல்லிவந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். என் அப்பா நிலத்தைப் பிரித்தபோது மேட்டு ஆலிவ் தோப்பு முழுவதையும் என் அண்ணனுக்குக் கொடுத்தார். உப்புக் காற்றில் ஒரு வெங்காயம்கூட விளையாத கடலோரத் துண்டைப் பெண்ணுக்கு எழுதினார், அதுவும் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கெட்டுப்போன பெண்ணுக்கு. அந்தத் துண்டிலும் பாதியை வலை காயப்போடுவதற்கென்று அண்ணன் பின்னால் கேட்டு வாங்கிக்கொண்டான். மீதிப் பாதியில்தான் நம்முடைய கீழறை நிற்கிறது. இன்றைக்கு ஆலிவ் தோப்பை எவனும் சீண்டுவதில்லை, வெங்காயம் விளையாத மண்ணுக்குத்தான் ஜெர்மானியன் கண்ணீர் விடுகிறான். வலை காயப்போட்ட அந்தப் பாதி இப்போது ஸிஸிமோஸின் மனை. அவன் மனையும் நம் கீழறையும் ஒரே மட்டம், நடுவில் இடுப்பளவுச் சுவர், முன்னால் சிறுசவுக்கு மரங்கள், அதற்கு முன்னால் மணல், அதற்கு முன்னால் கடல். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

இரண்டு கோடைக்கு முன் தெற்குக் கரை சாய்வு நாற்காலிக் கடைக்காரர்கள் கைக்குப் போனது உனக்குத் தெரியும். ஒருநாள் தோமாயிஸ் அங்கே வழக்கம்போலத் துண்டை விரித்துப் படுத்தாள். பனிக்கட்டி போட்ட காபித் தட்டோடு வந்த பையன் ஒருவன், "பாட்டி, இது கஸ்டமருங்களுக்கு மட்டும்" என்றானாம். "டேய், நான் இந்தத் தண்ணிக்கு எழுபது வருஷமா கஸ்டமர்டா, நீ எந்த ஊரு?" என்று கேட்டிருக்கிறாள். அவள் எழுந்திருக்கவில்லை, கடைசியில் போலீஸ்காரர் வந்து மரியாதையாகத் துண்டை மடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஊரில் மீதமிருந்தது நம் வாசல் கரை ஒன்றுதான். ஊரின் பிள்ளைகள் நீந்தக் கற்றுக்கொள்வதும், படகை இழுத்துப் போடுவதும், நானும் கல்லிரோயியும் ஸ்தமாத்தாவும் தோமாயிஸும் மற்றவர்களுமாக ஏழு பெண்கள் காலை ஒன்பது மணிக்குத் தொப்பியோடு மார்பளவுத் தண்ணீரில் நின்று ஊர் விவகாரங்களைத் தீர்த்துவைப்பதும் அந்த ஒரு கரையில்தான். அதற்கும் ஸிஸிமோஸ் கணக்குப் போட்டான். மனையில் தங்கும் விடுதி, மனையிலிருந்து தண்ணீர் வரை வேலி, வேலிக்குள் விருந்தாளிகள். அதற்கு அவனுக்கு ஒன்று தேவைப்பட்டது. நம் ஊரில் இதுவரை எவரும் கரையின் எல்லையை வரைந்ததில்லை. மாரிக்காலத்தில் வழக்கமாக வருகிற பெரிய அலை எதுவரை ஏறுகிறதோ அதுவரை கரை, கரை எவருக்கும் சொந்தமன்று, எல்லாருக்கும் பொது, இதுதான் சட்டம். அலை சிறுசவுக்கு மரங்களோடு நின்றுவிடுகிறது என்று எல்லைக் குழு எழுதிவிட்டால் மனை அவனுடையது, விடுதிக்காரன் என்று முன்மணலையும் குத்தகைக்கு எடுத்து வேலி போட்டுக்கொள்வான். அலை மரங்களைத் தாண்டி வீட்டு வரிசைக்குள் ஏறுகிறது என்று எழுதினால் மனையே பொதுக்கரை. எல்லையை வரையச் சொல்லி அவனே மனுப் போட்டான். அத்தனை நம்பிக்கை.

அவன் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. தொண்ணூற்று நாலில் மலையோடையைத் திருப்பி நம் தெரு வழியாக விட்டார்கள் அல்லவா, அதற்குப் பிறகு எந்தக் குளிர்காலத்தில் எந்த வீட்டில் தண்ணீர் புகுந்தாலும் அது ஓடைத் தண்ணீர் என்று சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் நடந்ததற்குச் சாட்சி வேண்டும். சாட்சிகளில் பாதிப்பேர் கல்லறையில், மீதிப்பேர் கடலில், தொப்பியோடு.

போன வாரம் செவ்வாய்க்கிழமை குழு வந்தது. கலமாத்தாவிலிருந்து மூன்று பேர். தலைவி நில அளவைப் பொறியாளர், எர்மியோனி என்று பெயர், நாற்பது வயதிருக்கும், சிரிக்காத முகம், எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஸிஸிமோஸ் தோல் காலணியும் வாசனைத் தைலமுமாகப் பின்னால் வந்தான். அந்த அம்மாள் கரையில் நின்று, "சாட்சி சொல்றவங்க யாரு?" என்று குரல் கொடுத்தாள். தண்ணீரில் ஏழு கைகள் உயர்ந்தன. "கொஞ்சம் மேல ஏறி வாங்களேன்" என்றாள். கல்லிரோயி அசையவில்லை. "இன்னைக்கு எனக்கு இந்தக் கோடையில முப்பத்தொண்ணாவது குளியல், மேடம். பாதியில ஏறினா கணக்குல சேராது. முப்பதுல நின்னா குளிருக்கு மூட்டு புடிச்சுக்கும், ஒத்தப்படையில முடியணும். நீங்க எறங்கி வாங்க, தண்ணி வெதுவெதுன்னு இருக்கு" என்றாள். நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவள், குளியலின் எண்ணிக்கைக்கும் மூட்டுக்கும் தொடர்பில்லை என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன், ஆனால் அன்று நானும் இருபத்தொன்பதாவது குளியலில் இருந்தேன், நானும் அசையவில்லை.

அர்கீரிஸ், அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? காலணியைக் கழற்றினாள், கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினாள், கோப்பைத் தலைமேல் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்தாள்! முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுத்தர் பாவம் கரையோரம் நின்று, நாங்கள் கத்துவதையெல்லாம் எழுதிக்கொண்டான். எங்களை அவளோடு தனியே விட ஸிஸிமோஸுக்குப் பயம், தோல் காலணியின் கயிறுகளை முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவனும் இறங்கினான். "வாடா மகனே, உனக்கு இது எத்தனாவது குளியல்?" என்று தோமாயிஸ் கேட்டாள்.

முதலில் ஸ்தமாத்தா சொன்னாள், எழுபத்தெட்டுக் குளிரில் கடல் ஏறித் தன் கோழிக்கூண்டை அப்படியே கொண்டுபோனது, பன்னிரண்டு கோழிகளும் செத்தன என்று. "எழுபத்தெட்டா? உன் கோழிங்க செத்தது எண்பதுல, என் நாத்தனார் கல்யாணத்துக்கு முட்டை கேட்டு வந்தப்ப நீதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தியே" என்றாள் தோமாயிஸ். "உனக்கு முட்டை தர இஷ்டமில்லாமத்தான்டி கோழி செத்துதுன்னு சொன்னேன், கோழி செத்தது எழுபத்தெட்டுலதான்" என்றாள் ஸ்தமாத்தா. எர்மியோனி எழுத்தரைப் பார்த்து, "எழுபத்தெட்டுன்னே போடுங்க, முட்டையை விட்டுடுங்க" என்றாள். பிறகு தோமாயிஸ் தன் மாமனாரின் சாவைச் சொன்னாள், எண்பத்தாறு பிப்ரவரி, மரங்களை ஒட்டிய பாதை முழுவதும் கடல், சவப்பெட்டியைத் தோளில் வைத்து மேட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள், "உயிரோட இருந்தப்ப மேட்டுல ஏறவே மாட்டாரு மனுசன், செத்து ஏறினாரு" என்றாள். எல்லாம் நல்ல சாட்சி. ஆனால் கோழிக்கூண்டு இருந்தது மரத்தடியில், பாதையும் மரத்தடியில். எர்மியோனி நேர்மையாகச் சொன்னாள், "அம்மா, இது ரெண்டும் மரம் வரைக்கும்தான் காட்டுது. மரத்தைத் தாண்டி, வீட்டுக்குள்ள, கடல் வந்ததை நேர்ல பாத்தவங்க வேணும். அதுவும் என்னைக்கோ ஒரு தடவை வந்த பேரலையா இருக்கக்கூடாது, வழக்கமா வர்றதா இருக்கணும்."

இங்கேதான் ஸிஸிமோஸ் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தான், அவன் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை, பலன் எப்படியானது என்பதைப் பார். "மேடம், சும்மா எதுக்கு இழுக்கணும்? என் மனைக்குப் பக்கத்துச் சுவர்தான் எங்க அத்தையோட கீழறை. ரெண்டும் ஒரே மட்டம். அந்த அறைக்குள்ள கடல் வந்திருந்தா என் மனைக்கும் வந்திருக்கும். அத்தையே சொல்லட்டும். அவங்க கணக்கு டீச்சர், பொய் சொல்ல மாட்டாங்க" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் 'வந்தது' என்று சொன்னால் என் கீழறையும் கரையாகிவிடும், நீயும் ரோதூலாவும் ஓய்வுபெற்று வந்து அதை இரண்டு அறைகளாக்கி வாடகைக்கு விடப்போகிறீர்கள் என்பது அவனுக்குத் தெரியும், நீதானே படமெல்லாம் அனுப்பிக் காட்டினாய். ஆகவே பிள்ளையின் சொத்துக்காக அத்தை வாயை மூடிக்கொள்வாள் என்று கணித்தான். அம்மாக்களைப் பற்றி அவன் கொஞ்சம் அறிந்திருக்கிறான், என்னைப் பற்றித்தான் அறியவில்லை.

"வந்தது" என்றேன். எந்த ஆண்டு என்று எர்மியோனி கேட்டாள். "அறுபத்தெட்டு ஜனவரி ஏழு. கட்டிலுக்கு அடியில் அலை வந்து வந்து திரும்பியது. நேரில் பார்த்தேன்." ஸிஸிமோஸ் வாய்விட்டுச் சிரித்தான். "அத்தே, அப்ப நீங்க ஏதென்ஸ்ல பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தீங்க. மே மாசம் கல்யாணத்துக்குத்தான் ஊருக்கே வந்தீங்க. எங்கப்பா எத்தனை தடவ சொல்லியிருக்காரு! அதுக்கப்புறமும் ரிட்டயர் ஆகுற வரைக்கும் குளிர்காலத்துல நீங்க கலமாத்தாவுல பள்ளிக்கூடத்துல. மேடம், எழுதிக்குங்க, சாட்சி ஊர்லயே இல்ல." உண்மையில் என் அண்ணன் ஊருக்குச் சொன்ன கதை அதுதான். எர்மியோனி என்னைப் பார்த்தாள். "அம்மா, நீங்க அன்னைக்கு இங்க இருந்தீங்கன்னா, எதுக்கு இருந்தீங்கன்னு சொல்லணும். இல்லேன்னா இந்தச் சாட்சி நிக்காது."

ஏழு தொப்பிகளில் ஆறு தொப்பிகள் தண்ணீரைப் பார்த்துக் குனிந்தன. ஒருத்தியும் எனக்காக வாய் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதைக் கடிதத்தின் அடியில் எழுதுகிறேன், இங்கேயே எழுதினால் மற்றதை நீ படிக்க மாட்டாய்.

அந்தப் பதிலுக்குப் பிறகு காரியம் வேகமாக நடந்தது. எர்மியோனி சொட்டச் சொட்டக் கரையேறி நேரே நம் கீழறைக்குள் போனாள், மட்டக் கருவியை வைத்து அளந்தாள், சுவரில் உப்பு அரித்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள், பக்கத்து மனையை அளந்தாள். நேற்று வந்த வரைபடத்தில் சிவப்புக்கோடு சிறுசவுக்கு மரங்களைத் தாண்டி, ஸிஸிமோஸின் மனையின் பின்வேலியைத் தொட்டுக்கொண்டு, நம் கீழறையின் பின்சுவர் வழியாகப் போகிறது. ஆகவே உனக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன், கீழறை போயிற்று. அதைக் கட்டவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது, என்றாவது ஒருநாள் இடித்துவிடுங்கள் என்று தாள் வரும். கோட்டுக்கு அப்பால் சரிவில் நிற்கிற மேல்வீடு இருக்கிறது, இரண்டு அறை, முன்வராந்தா, அத்திமரம், நான் போன பிறகு உன்னுடையது, அதற்கு அவசரமில்லை. நீ போட்ட படங்கள் அழகாகத்தான் இருந்தன, குளியலறையை மட்டும் தவறான பக்கத்தில் வைத்திருந்தாய். கோபம் வந்தால் இரண்டு நாள் கோபப்படு. பிறகு யோசித்துப் பார், நீ பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவது ஒரு சுவரைப் பார்ப்பதற்கா, கடலில் விழுந்து புரள்வதற்கா? உன் மகள் போன கோடையில் அந்த மணலில் தலைகீழாக நடந்ததை எந்த விடுதிக்காரன் அனுமதிப்பான்?

நேற்று மாலை கரையில் திருவிழாதான். எவரும் ஏற்பாடு செய்யவில்லை, ஆளாளுக்குத் தட்டோடு வந்தார்கள். ஸ்தமாத்தா மத்தி மீனை மலைபோல் பொரித்தாள், தர்ப்பூசணிகளை வலையில் கட்டிக் கடலில் குளிரவிட்டார்கள், காபிக்கடை ஃபோதிஸ் காசு வாங்காமல் சாராயம் ஊற்றினான், அவன் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் நடக்காத ஒன்று இது, இன்று அவனுக்குக் காய்ச்சல். தோமாயிஸ் தன் துண்டை எடுத்துக்கொண்டு போய் ஸிஸிமோஸின் மனைக்கு நட்டநடுவில் விரித்துப் படுத்துக்கொண்டாள், அங்கே கல்லும் முள்ளுமாக இருக்கிறது, வசதியே இல்லை, ஆனாலும் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நான் இரண்டு குவளை குடித்தேன், ஆடினேன் என்று எவராவது உனக்குச் சொன்னால் மறுக்க மாட்டேன். ஸிஸிமோஸ் வக்கீலைப் பார்த்திருக்கிறான், வக்கீல் சாட்சியத்தைப் படித்துவிட்டு, இதை எதிர்த்தால் ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்றாராம். அவன் என் அண்ணன் பிள்ளைதான், பட்டினி கிடக்கப்போவதில்லை, தோப்பில் ஆலிவ் இருக்கிறது, கையில் கொஞ்சம் அழுக்குப் படட்டும்.

மற்ற செய்திகள். அத்திப்பழம் இந்த ஆண்டு ஏராளம், காயவைத்துப் பெட்டியில் அனுப்புகிறேன், அங்கே சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ரோதூலா சொன்னாலும் அனுப்புவேன், பிடுங்குகிறவனாவது நல்ல அத்திப்பழம் தின்னட்டும். கல்லிரோயியின் பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அவள் பெயரையே வைத்திருக்கிறார்கள், அதனால் அவள் எங்களோடு பேசும் தொனியே மாறிவிட்டது. பாதிரியார் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார், இன்று திருநாள் வழிபாட்டில் கையில் கட்டோடுதான் எல்லாருக்கும் துளசிக்கொத்து கொடுத்தார், உனக்காகவும் ஒரு கொத்து வாங்கி ஜன்னலில் வைத்திருக்கிறேன். உன் ரத்தக்கொழுப்பைப் பற்றி ரோதூலா சொன்னாள், நீ சொல்லவில்லை. வெண்ணெயை நிறுத்து, எண்ணெய் நம் ஊர் ஆலிவ் எண்ணெயாக இருக்கட்டும். படகு வாங்கப்போகிறேன் என்று சொன்னாயாம், வாங்காதே, படகு வாங்கியவன் இரண்டு நாள்தான் சந்தோஷமாக இருப்பான், வாங்கிய நாளும் விற்ற நாளும். உன் மகன் கணிதத்தில் தோற்றதற்கு அவனை அடிக்காதே, ஞாயிற்றுக்கிழமை கேமரா முன்னால் உட்காரவை, நான் பார்த்துக்கொள்கிறேன். மாதா உங்கள் நால்வரையும் காக்கட்டும், நோயில்லாத உடம்பும் சண்டையில்லாத சமையலறையும் கொடுக்கட்டும். அடுத்த ஜூனில் வருவதற்கு இப்போதே டிக்கெட் எடு, மறந்துவிடாதே, தள்ளிப்போட்டால் விலை ஏறிவிடும்.

இப்போது அடியில் எழுதுகிறேன் என்று சொன்னதற்கு வருகிறேன். இது மன்னிப்புக் கேட்கிற கடிதம் அன்று, நான் வெட்கப்படுகிற எதுவும் இதில் இல்லை.

எர்மியோனியிடம் நான் சொன்னது இது: "நான் ஏதென்ஸில் இல்லை. டிசம்பரிலேயே ஊருக்கு வந்துவிட்டேன், என்னைக் கீழறையில் வைத்திருந்தார்கள். ஜனவரி ஏழாம் தேதி கடல் உள்ளே வந்தபோது நான் அந்தக் கட்டிலில் பிரசவ வலியில் இருந்தேன்."

பிறகு கல்லிரோயி தொப்பியைக் கழற்றித் தண்ணீரில் அடித்தாள். "அப்பாடா! அம்பத்தஞ்சு வருஷம்டி டீச்சர்! உள்ளயே வெச்சு வெச்சு என் நாக்கே மரத்துப்போச்சு. மேடம், நான்தான் வெளக்கு புடிச்சேன், பதினேழு வயசு எனக்கு, பட்டப்பகல்தான் ஆனா புயல்ல ஒண்ணும் தெரியல. எங்கம்மாதான் மருத்துவச்சி. முழங்கால் வரைக்கும் கடல்ல நின்னு புள்ளைய எடுத்தா." உடனே ஸ்தமாத்தா, "கட்டில் காலுக்குக் கல்லு வெச்சு ஒசத்தினது எங்கப்பா" என்றாள். தோமாயிஸ், "பொறந்ததும் புள்ளைய மீன் பெட்டியில வெச்சு அலமாரி மேல ஏத்தினது எங்கம்மா. கத்தின கத்தல்ல புயலே பயந்துபோச்சு" என்றாள். எர்மியோனி பிள்ளையை விட்டுவிட்டாள், அவள் தொழில்காரி, கல்லைப் பிடித்துக்கொண்டாள். "கட்டிலுக்குக் கல் வெச்சது அன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டாள். ஏழு பேரும் ஒரே குரலில் சிரித்தோம். "வருஷா வருஷம் ஜனவரி பொறந்தா அந்த வரிசை முழுக்க வைப்போம் மேடம். பின்ன, கட்டிலை மிதக்கவா விடுவாங்க?" அவள் கரைப்பக்கம் திரும்பி எழுத்தரிடம், "வழக்கமா வர்ற அலைன்னு எழுதுங்க" என்றாள். ஸிஸிமோஸ் கழுத்தில் காலணியோடு அப்படியே நின்றான், ஒரு காலணி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

ஆம், அர்கீரிஸ், மீன் பெட்டியில் கத்தியது நீதான். உனக்கு அண்ணனோ அக்காவோ இருந்ததாகக் கற்பனை செய்துகொள்ளாதே. உன் அப்பா பந்தெலிஸ் அப்போது சரக்குக் கப்பலில், உலகத்தின் மறுபக்கத்தில் இருந்தார், என் கடிதம் துறைமுகம் துறைமுகமாக அவரைத் துரத்தியது. மே மாதம் இறங்கினார், இறங்கிய வாரமே தேவாலயத்துக்குப் போனோம். உன்னைப் பதிவு செய்யப் போனபோது ஊர்ச் செயலாளர், என் ஞானத்தந்தை, பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மொதல்ல கல்யாணம், அப்புறம் ஒம்போது மாசம், அப்புறம் புள்ள. என் புத்தகத்துல இப்படித்தாம்மா எழுத வரும்" என்றார். ஒன்பது மாதம் காத்திருந்து, அறுபத்தொன்பது பிப்ரவரி இருபதாம் தேதி நீ பிறந்ததாக எழுதினார். ஊர் முழுவதும் சரி என்று தலையாட்டியது, இந்தக் கரையில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும், ஒருத்திகூட உன்னிடமோ வெளியூர்க்காரனிடமோ சொல்லவில்லை. நான் சொல்லாததற்குக் காரணம், அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், ராணுவம், கடவுச்சீட்டு, ஆஸ்திரேலியா என்று எல்லாமே அந்தத் தேதியின் மேல் ஏறிவிட்டன; எந்த ஆண்டிலும் சொல்வதற்கு வசதியான மாதம் ஒன்று அமையவில்லை. இப்போது ஊர் முழுவதும் உனக்கு போன் செய்யத் துடிக்கிறது. இந்தக் கடிதம் போய்ச் சேரும் வரை ஒருத்தியும் வாய் திறக்கக்கூடாது என்று தடை போட்டிருக்கிறேன். அரை நூற்றாண்டு அடக்கியவர்கள் இன்னும் ஒரு வாரம் அடக்கட்டும், அவர்களால் முடியுமா என்பது எனக்கே சந்தேகம்.

ஆகவே உன் வயது ஐம்பத்துநான்கு அன்று, ஐம்பத்தைந்து முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ரோதூலாவிடம் சொல், உன்னைவிட ஆறு மாதம் மூத்தவள் என்று நீ அவளைக் கேலி செய்வாயே, அவள் சந்தோஷப்படட்டும். ஐந்து வயதில் செய்தித்தாள் படித்தாய் என்று நீ உன் பிள்ளைகளிடம் பெருமை பேசுவதை நிறுத்து, அப்போது உனக்கு ஆறு வயது தாண்டிவிட்டது, அது பெரிய விஷயமில்லை. வகுப்பில் நீ மட்டும் உயரமாக இருந்தது என் சமையலால் அன்று. ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் உன்னைத் தொட்டியில் இறக்கினார், நீயே விளிம்பைப் பிடித்து ஏறி வெளியே வந்து நின்றாய், அவர் இது அற்புதம் என்று அழுதார், எவரும் அவரைத் திருத்தவில்லை. தாள்களை மாற்றப்போகாதே, எதுவும் மாறத் தேவையில்லை, உண்மை தெரிந்தால் போதும். அந்த உண்மையைக் கடைசியாக ஒருமுறை கணக்காகவே எழுதிவைக்கிறேன்: பதிவேட்டின்படி நீ பிறந்த நாளன்று காலை, நீ முற்றத்தில் கல்லிரோயி வீட்டுச் சேவலைத் துரத்திக்கொண்டு ஓடினாய், அதன் வாலிலிருந்து ஓர் இறகையும் பிடுங்கிவிட்டாய்.

உன் அம்மா,
எவாந்தியா